போர்வெல் முதலாளியும் அம்மன் கொடுத்த பூவும்: காரிமங்கலம் பக்கம் ஒரு கால்பந்து ஞாயிறு

ஐரோப்பாவில் நான் உயிரைவிடும் அணி, ஒரே சீசனில் மூன்றாவது பயிற்சியாளரையும் வீட்டுக்கு அனுப்பிய வாரம் அது. கடன் கழுத்தை நெரிக்கிறதாம், டி.வி. பணம் குறைந்துவிட்டதாம். கடன் வாங்கியது நிர்வாகம், உருண்டது பயிற்சியாளர் தலை. பெங்களூர் வீட்டில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து மனைவி, "உங்களையா வேலைய விட்டுத் தூக்குனாங்க?" என்றாள். ஆபீஸ் நண்பர் முனிராஜ் காரிமங்கலத்துக்காரர். "எங்கூர்ப் பக்கம் ஞாயித்துக்கெழம பக்கத்துக்கு ஏழு பேரு ஆடுற செவன்ஸ் ஃபைனல் இருக்குது, வந்து பாருங்க. அங்கயும் இதே கூத்துதான்" என்றார். விடுவேனா?

காலை ரயில் பிடித்துத் தருமபுரியில் இறங்கினேன். அது மடத்தனம். காரிமங்கலம் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் நடுவில் இருக்கிறது. வந்த திசையிலேயே இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் திரும்பிப் போனேன், தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதையாக. டிக்கெட் முப்பது ரூபாய். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இட்லி, வடை, டீ எல்லாம் சேர்த்து ஐம்பது. மைதானம் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது கேட்டார்கள். பேரம் பேசவில்லை, ஏனென்றால் ஓட்டுநர் பெரியசாமி வண்டியைக் கிளப்பும்போதே கதையையும் கிளப்பிவிட்டார்.

"மேட்ச்சுக்குங்களா? சீக்கிரம் போலாங்க. இன்னைக்கு கோச்சு மாதேசு வேல போவப்போவுது."

"தோத்தா தானே?"

"ஜெயிச்சாலுந்தாங்க!"

விஷயம் இதுதான். அந்த ஊர் அணிக்குப் பணம் போடுபவர் போர்வெல் வண்டி முதலாளி கோவிந்தராஜ். மழை பொய்த்தால் ஊரே ஆழ்துளைக் கிணறு தோண்டும், அணிக்குப் புது ஷூ வரும். இந்த வருடம் மழை கொட்டியதில் ஊர் சிரிக்கிறது, அவருடைய வண்டிகள் மட்டும் ஷெட்டில் தூங்குகின்றன. மாங்கூழ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மாதச் சம்பளத்துக்கு வந்த மாதேஷை நிறுத்திவிட்டு, சம்பளமே கேட்காத தன் மச்சானைப் போட நினைக்கிறார்.

"ஆட்டக்காரப் பசங்க ஒத்துக்கலீங்க. அதனால மாரியம்மன்கிட்ட பூ கேட்டாங்க. வெள்ளப் பூ வந்தா மாதேசு இருக்கட்டும், செவப்பு வந்தா போவட்டும்னு. வெள்ளதாங்க வந்துச்சு!"

"அப்புறம் என்ன?"

"கேட்டது மொதலாளிங்க. 'இந்தக் கோப்ப முடியிற வரைக்கும்'னு சேத்துக் கேட்டுட்டாரு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐரோப்பாவில் 'பயிற்சியாளர் மேல் முழு நம்பிக்கை' என்று அறிக்கை வந்தால் அவர் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடலாம். இங்கே அந்த அறிக்கையை அம்மன் வாயால் வாங்கியிருக்கிறார்கள்.

வழக்கமாக வறண்ட ஏரிக்குள் நடக்கும் ஆட்டம், ஏரி நிரம்பிவிட்டதால் கடலை பிடுங்கிய காட்டில் நடந்தது. கூட்டமென்றால் கூட்டம்! டிராக்டர் மேலே, வேப்பமரத்து மேலே எல்லாம் தலைகள். கோட்டோரம் ஒல்லியாக நின்றவர்தான் மாதேஷ். முதல் பாதியில் ஒரு கோல் பின்தங்கினோம். ஆமாம், அதற்குள் 'நாங்கள்' ஆகிவிட்டேன். முன்வரிசையில் ஆடிய சக்தி, முதலாளியின் அக்கா மகன். நல்ல ஆட்டக்காரன்தான், ஆனால் அன்று கால் வரவில்லை. வந்த பந்தையெல்லாம் தொலைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் மாதேஷ் கையைத் தூக்கி அவனையே வெளியே கூப்பிட்டார். பிழைப்பைக் காப்பாற்ற நினைக்கும் எவனும் செய்யாத காரியம். சக்தி தலையைக் குனிந்தபடி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் இடத்தில் இறங்கியவன் போட்ட பாஸில் ஒரு கோல். கடைசியில் ஒரு கார்னர், யாரோ முட்டினார்கள், வலைக்குள் பந்து! நான் முன்பின் தெரியாத ஒருவரைத் தூக்கிச் சுற்றினேன். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கோப்பையைக் கொடுத்த கையோடு கோவிந்தராஜ் மைக்கைப் பிடித்தார். "மாதேசு நல்லா பண்ணாரு. ஆனா கோப்ப வரைக்கும்னுதான் ஆத்தாகிட்ட கேட்டோம். ஆத்தா சொன்னத மீறக்கூடாது. இனிமே என் மச்சான் பாத்துக்குவாரு."

மாதேஷ் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார். அப்போது சக்தி எழுந்தான். போர்வெல் கம்பெனி பெயர் போட்ட ஜெர்சியைத் தலைவழியாக உருவி, மடித்து, மாமன் கையில் வைத்தான்.

"அப்ப இதுவும் கோப்ப வரைக்குந்தானுங்க மாமா."

ஒவ்வொருவராக எல்லாரும் கழற்றினார்கள். முதலாளி கையில் ஜெர்சிகள் குவிய, பசங்கள் வெற்றுடம்போடு மாதேஷைத் தோளில் ஏற்றிக் காட்டைச் சுற்றி ஓடினார்கள். எத்தனையோ பெரிய ஃபைனல்களை டி.வி.யில் பார்த்திருக்கிறேன். ஒன்றில்கூட இப்படியொரு வெற்றி ஊர்வலம் இருந்ததில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ், அங்கிருந்து காரிமங்கலத்துக்கு இன்னொரு பஸ். என்னைப் போல் தருமபுரி போகாதீர்கள். காட்டில் நிழல் கிடையாது, தொப்பி அவசியம். போன் டவர் சரியாக எடுக்காது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சோள போண்டா இருபது ரூபாய், தவறவிடாதீர்கள். மாதேஷ் மறுபடி மாங்கூழ் கம்பெனியில் காலை ஷிப்ட் போகிறாராம். சாயங்காலம் சம்பளமில்லாமல் அதே பசங்களுக்குப் பயிற்சி தருகிறார் என்று முனிராஜ் சொன்னார். மச்சானும் புது அணி திரட்டிவிட்டதால் இப்போது ஒரே ஊருக்கு இரண்டு அணி. யாருக்குக் கைதட்டுவது என்று குழம்பவேண்டாம்: நெஞ்சில் எந்தப் பெயரும் இல்லாமல், கைவைத்த வெள்ளை பனியனோடு இறங்குவார்கள் பாருங்கள், அவர்கள்தான்.