போடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்க

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றியதும், ரிப்பேர் கடை பிரவீனா முதலில் பெயிண்ட் பிரஷை எடுப்பாள். பள்ளிபாளையத்தில் தறி ஓடாத தெரு கிடையாது; எந்த லேப்டாப்பின் விசிறியிலும் பஞ்சு அடைத்திருக்கும். போதாக்குறைக்கு, பஞ்சு ஏறக்கூடாதென்று லேப்டாப்பைத் துண்டால் சுற்றியே ஓட்டுவார்கள் நம் ஆட்கள். "மூக்கப் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா மிஷினு என்னங்க பண்ணும்?" என்று திட்டிக்கொண்டே பஞ்சை உருட்டி எடுப்பாள். வயது முப்பத்திரண்டு, பேச்சு அறுபது.

அப்புறம்தான் பென்டிரைவ். விண்டோசுக்குப் பதிலாக ஓசியில் கிடைக்கிற லினக்ஸ் சிஸ்டத்தை எடுத்த எடுப்பிலேயே போட்டுவிட மாட்டாள். பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு, வைஃபை, சத்தம், கேமரா, பிரிண்டர் எல்லாவற்றையும் வந்த ஆளையே தொட்டுப் பார்க்கச் சொல்வாள். "ஓட்டிப் பாருங்க. ஒத்து வரலீனா உருவிக்கலாம். உங்க மிஷினு இருந்தபடியே இருக்கும்."

முன்பெல்லாம் வைஃபை பிடிக்கவே ஒரு நாள் மல்லுக்கட்டுவாளாம். இப்போது வருகிற லேப்டாப்புகளில் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. நான் ஆறாவதோடு நின்றவன். இரண்டு வருடமாக என் லேப்டாப்பிலும் லினக்ஸ்தான். நூல் கடைக்கு மெயில் போடுகிறேன், படம் பார்க்கிறேன். ஒரு தொந்தரவும் இல்லை.

போன வாரம் நான் அவள் கடையில் இருந்தபோது, துண்டு நெய்யும் மணியன் புது லேப்டாப்போடு வந்தார். சிஸ்டம் எதுவும் போடாமல் வாங்கியது.

"ஓசில கெடைக்கறது ஓடுமா அம்மிணி?"

"காத்துங்கூட ஓசிதானுங்ணா. மூச்சு ஓடலையா?"

பென்டிரைவைச் செருகிப் பார்த்ததில் எல்லாம் ஓடியது. "அப்பப் போட்ரு" என்றார் மணியன். அவள் போடவில்லை.

"இதுல என்ன வேல பாப்பீங்க?"

துண்டுக்குப் பார்டர் டிசைன் போடுகிற மென்பொருள். பழைய லேப்டாப் செத்துவிட்டது. எட்டு வருட டிசைன்கள் தனி டிஸ்க்கில் இருக்கின்றன. மறுநாள் காலைக்குள் ஒரு டிசைனைத் தறிக்கு ஏற்றாவிட்டால் ஆர்டர் குமாரபாளையத்துக்குப் போய்விடும்.

லினக்ஸில் அந்த மென்பொருள் மட்டும் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தாள். மணியன் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

கடைசியில், "இதுக்கு விண்டோசுதானுங்ணா வேணும். அது எங்கிட்ட இல்லீங்க" என்றாள்.

லைசன்ஸோடு அதைப் போடுகிறவர் எதிர்க்கடை பிரபாகர். இவளை 'ஓசிக் கடைக்காரி' என்று ஊரெல்லாம் சொன்னவர். இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை. பிரவீனா செருப்புகூட மாட்டாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். அவர் கடைப் படியில் ஏறி நின்று, "ஏனுங்ணா, கொஞ்சம் இதைப் பாருங்க" என்றாள்.