கரடியைக் காட்டினால் சாக்லேட்

துபாயில் சீன வியாபாரிகளின் பிள்ளைகள் வரும் நர்சரியில் நான் டீச்சராக இருந்தபோது, அந்தப் பிள்ளைகள் மொழி கற்பதை ஆராய ஒருவர் வந்தார். மதுரைக்காரர்தான், ஆனால் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். சீன மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. கேள்விகளை யாரையோ சீனத்தில் பேசவைத்து, லேப்டாப்பில் பதிவுசெய்து கொண்டுவந்திருந்தார். பொம்மைகள்கூட எங்களுடையவை. பிள்ளைகள் தொட்ட பொம்மையைத் தொட நேர்ந்தால் உடனே டிஷ்யூவால் கையைத் துடைத்துக்கொள்வார்.

கேள்வி இதுதான்: ‘கரடி தன்மேல் தண்ணீர் ஊற்றியது என்று பாண்டா சொல்கிறது. நனைந்தது யார்?’ சீன மொழியில் அந்தத் ‘தன்’ கரடியையும் குறிக்கலாம், பாண்டாவையும் குறிக்கலாம் என்பதால், பெரியவர்கள் இரண்டில் எதையும் சொல்வார்களாம். குழந்தைகளுக்குக் கரடி மட்டும்தான் தோன்றும் என்பது இவர் கட்சி. அதனால் கரடியைக் காட்டிய பிள்ளைக்குச் சாக்லேட். பாண்டாவைக் காட்டிய ஒரு சிறுமிக்கு எதுவும் இல்லை. அவள் தேம்பித் தேம்பி அழுதாள். மறுநாள் வகுப்பு மொத்தமும் கரடியைக் காட்டியது.

“பர்ஃபெக்ட் ரிசல்ட், மேடம்!” என்று பூரித்தார்.

“எதைக் காட்டுனா சாக்லேட் வரும்னு புள்ளைங்க கண்டுபிடிச்சிருச்சுங்க சார். வேற ஒண்ணுமில்ல.”

“ஒங்களுக்கெல்லாம் ஆராய்ச்சி புரியாதும்மா,” என்றார் கையைத் துடைத்தபடி. மட்டம்தட்ட மட்டும் அவருக்குத் தமிழ் வந்தது.

அவர் போன பிறகு ஒருநாள், தரையில் சிந்தியிருந்த பாலைக் காட்டி, யார் கொட்டியது என்று அந்தச் சிறுமியிடம் சைகையில் கேட்டேன். அவள் அலமாரியில் இருந்த கரடியை ஒரு கையால் காட்டிவிட்டு, மறு கையை என்னிடம் நீட்டினாள்.