யாரும் இறங்காத தொட்டி

மகனுக்குக் காது குத்துவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலே மேலே ஏறி வந்தது. மறுநாள் இரண்டு பக்கத்து உறவும் வந்து இறங்கப்போகிறது. மொட்டை மாடியில் பந்தல் போட்டாயிற்று, கறிக்குச் சொல்லியாயிற்று. ஆனால் முதலில் எனக்கு நினைவு வந்தது விருந்தாளிகள் அல்ல, அப்பாதான். மத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு அன்று சாயந்தரம் வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வருவதற்குள் தொட்டி காலியாக வேண்டும். நிறைந்த விஷயமே அவர் காதுக்குப் போகக் கூடாது. போனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடுவார்.

அப்பா கூலி வேலை செய்து எங்களை வளர்த்தவர். மாந்தோப்பில் காய் பறிப்பது, கேழ்வரகுக் கொல்லையில் களை எடுப்பது, கிணற்றில் தூர் வாருவது என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார். ஊர்ப் பெரிய வீடுகளில் தொட்டி நிறைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வேலைக்கு எங்கள் தெருவைத் தவிர வேறு எந்தத் தெருவிலும் போய் நின்று யாரும் ஆள் கேட்டதில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார். ஒருமுறை உள்ளேயே மயங்கி விழுந்துவிட்டார். கயிற்றைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்கள். நான் பள்ளிக்கூடப் பையோடு ஓடிப்போய்ப் பார்த்தபோது கண் மேலே செருகிக் கிடந்தார். பிழைத்துவிட்டார், ஆனால் அன்று பிடித்த இளைப்பு இன்னும் விடவில்லை. அதற்குப் பிறகும் கூப்பிட்டார்கள், அதற்குப் பிறகும் இறங்கினார். இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது.

அதனால்தான் மாநில எல்லையோரத்து ஜூஜுவாடியிலிருந்து உள்ளே தள்ளி நாங்கள் வீடு கட்டியபோது கொத்தனாரிடம் கறாராகச் சொன்னேன்: "இந்தத் தொட்டியில எந்தக் காலத்துலயும் ஆளு இறங்கக் கூடாது. வண்டிதான் வந்து எடுக்கணும். அதுக்குத் தோதா மூடி வைங்க." செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் லைன் லீடர். நாலு மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல். கொத்தனார் மறுபேச்சுப் பேசாமல் நல்ல அகலமான மூடியாகவே வைத்தார்.

அதைக் கெடுத்தது என் வீட்டுக்காரர். அவருக்கு கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை. இந்தப் பக்கம் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் வேறு எதற்குப் பஞ்சம் இருந்தாலும் கிரானைட்டுக்குப் பஞ்சம் இருக்காது. ஓரம் உடைந்தது, ரேகை ஓடியது என்று ஏற்றுமதிக்காரர்கள் தள்ளிவிடும் கல்லெல்லாம் தரையாகும், படியாகும், துணி துவைக்கும் மேடையாகும். ஒருநாள் நான் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால், வீட்டுக்குப் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடம் முழுக்க கறுப்புக் கல் பளபளவென்று மின்னியது. குனிந்தால் முகம் தெரிந்தது. "மூடி எங்கங்க?" என்றேன். "அடியிலதான் இருக்கு. அது எங்க போவப்போவுது?" என்றார். அக்கம்பக்கமெல்லாம் வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தப் பெருமை சனிக்கிழமை காலையில் பல்லை இளித்தது. செப்டிக் டேங்க் வண்டிக்காரருக்குப் போன் போட்டேன். மதியத்துக்கு மேல் வருவதாகச் சொன்னவர், "மூடியைத் திறந்து வைங்கம்மா, வந்தவுடனே ஹோஸை விட்டுடலாம்" என்றார். அவருக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார்.

"கடப்பாரையை எடுங்க, உடைச்சிடலாம்" என்றேன். என் வீட்டுக்காரர் கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

"ஏய், இது கறுப்புக் கல்லுடி! ஜப்பானுக்குப் போவ வேண்டிய சரக்கு!"

"ஜப்பானுக்குப் போனா அங்கயே கக்கூஸும் போலாம். இங்க நாளைக்கு நூறு பேர் வராங்க."

"உடைக்காம எடுக்கறேன். ரெண்டு கல்லைச் சேர்த்துதான் போட்டிருக்கேன். இணைப்பை மட்டும் அறுத்துட்டா போதும்."

சரி, இணைப்பு எங்கே? அதுதான் வேடிக்கை. அவர் மண்டி போட்டுத் தேடினார், விரலால் தடவினார், கன்னத்தைக் கல்லில் வைத்துப் பார்த்தார். தான் போட்ட இணைப்பு அவருக்கே தெரியவில்லை! அவ்வளவு சுத்தமாகப் பசை போட்டுத் தேய்த்திருக்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்வதா, இந்த மனுஷனின் கைத்திறமையை மெச்சிக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

பட்டறையிலிருந்து கூட வேலை செய்கிறவர்கள் ரெண்டு பேரை வரவழைத்தார். அவர்கள் வந்ததும் ஒரு குடம் தண்ணீரைக் கல்லின் மேல் கொட்டி, ரப்பர் பட்டையால் வழித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கல்லில் விரிசலைக் கண்டுபிடிக்கப் பட்டறையில் அப்படித்தான் செய்வார்களாம். கல்லின் மேல்பரப்பெல்லாம் காய்ந்துவிடும், சந்து மட்டும் ஈரத்தை விடாது. நாங்கள் நாலு பேரும் வெயிலில் ஒரு தரையையே முறைத்துக்கொண்டு நின்றோம். கறுப்பு மெல்ல வெளுத்துக் காய்ந்தது. பிறகு நடுவில் மயிரிழை அளவுக்கு ஒரு ஈரக்கோடு தெரிந்தது. "அதோ!" என்று நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அறுத்தார்கள், ஆப்பு அடித்தார்கள், நெம்பினார்கள். "ஏய் மெதுவா, மெதுவா" என்று என் வீட்டுக்காரர் பதறினார். பிரசவ அறைக்கு வெளியே கூட அவர் இவ்வளவு பதறவில்லை. கல் ஒரு கீறலும் இல்லாமல் எழுந்து சுவரில் சாய்ந்தது. அடியில் மூடி இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம், புதையலைக் கண்டவர்களுக்குக் கூட வந்திருக்காது.

வண்டி எல்லையில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தது. வண்டிக்காரர் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திபெலே ஆள், கன்னடம் கலந்த தமிழ். வந்ததும் மூடியைத் திறந்து காற்றாட விட்டார். அந்த நாற்றத்துக்கு என் வீட்டுக்காரர் பீடியை எடுக்க, "சாமி, பீடி பேடா! உள்ள கேஸ் இருக்கு, நாம எல்லாரும் மேல போயிடுவோம்" என்று பிடுங்கி எறிந்தார். பிறகு ஹோஸை இறக்கி மோட்டாரைப் போட்டார். குழாய் ஒரு துள்ளு துள்ளியது. உள்ளே மட்டம் கண்ணெதிரே இறங்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு நான் குதித்தேன் என்றே சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம், அப்பா வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ நின்றது. அப்பா! மதிய பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டிருக்கிறார். கையில் சீர்த்தட்டு வைத்த மஞ்சள் பை, தோளில் துண்டு. வண்டியைப் பார்த்தார், வாசனையைப் பிடித்தார், நேராகப் பின்பக்கம் வந்துவிட்டார்.

அதே சமயம் மோட்டார் சத்தமும் மாறியது. குழாய் வெறும் காற்றை இழுத்தது. வண்டிக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி எல்லாம் ஏறிடுச்சு. அடியில சேறு கெட்டியா இறுகிக் கெடக்குது. கலக்கி விட்டாத்தான் ஏறும்" என்றார்.

அப்பா பையைக் கீழே வைத்தார். துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். சட்டைப் பொத்தானில் கை போனது. "பாப்பா, கயிறு இருக்குதா? ஒரு கடப்பாரையும் பக்கெட்டும் குடு. நான் கலக்கி விட்டுடறேன். நாளைக்குப் பேரன் விசேஷம், ஜனம் வந்து சங்கடப்படக் கூடாது."

நான் ஓடிப்போய் மூடி திறந்திருந்த வாய்க்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

"நீ இறங்கக் கூடாதுப்பா."

"நம்ம வீடுதானம்மா. இன்னொருத்தர் வீட்டுதா? நமக்கு நாம செய்யறதுல என்ன?"

"என் வீடுங்கறதாலதான் சொல்றேன். இந்தத் தொட்டியில யாரும் இறங்கக் கூடாது. நீ இறங்கினா, நான் இந்த வீட்டை இடிச்சுப் போட்டுட்டு வாடகை வீட்டுக்குப் போயிடுவேன். சத்தியமா செய்வேன்."

"கத்தாதம்மா, தெருவே பாக்குது."

"பாக்கட்டும்! நீ உள்ள விழுந்து கெடந்தப்பவும் தெரு பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு!"

அப்பா பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் வந்து, "மாமா, வேணாம் மாமா" என்று அவர் தோளைப் பிடித்தார்.

வண்டிக்காரருக்கு எங்கள் கலவரம் எதுவும் புரியவில்லை. "எதுக்கம்மா சண்டை? ஆளு இறங்கினா நான் வண்டியை எடுத்துட்டுப் போயிடுவேன். ஏதாவது ஆனா என் லைசென்சும் போவும், நானும் ஜெயிலுக்குப் போவணும்" என்றார். "கலக்கறதுன்னா வண்டியே கலக்கும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

வண்டியில் ஒரு வால்வைத் திருப்பினார். உறிஞ்சிய தண்ணீரையே வேகமாகத் திருப்பி உள்ளே அடித்தார். தொட்டிக்குள் புரட்டிப் போடுகிற சத்தம் கேட்டது. நிறுத்தினார், உறிஞ்சினார். மறுபடி அடித்தார், மறுபடி உறிஞ்சினார். இப்போது குழாய் கனமாக ஆடியது. சேறு ஏறுகிறது! நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்டால் போய்விடுவாரோ என்று பிடித்தது, அப்புறம் சந்தோஷத்தில் விடவில்லை. "பாருப்பா, ஏறுது பாரு! பாருப்பா!" என்று சின்னப் பிள்ளை திருவிழாவில் கத்துவதைப் போலக் கத்தினேன். அவர் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

வேலை முடிந்ததும் வண்டிக்காரர் டார்ச்சை அவரிடம் கொடுத்தார். அப்பா எட்ட நின்றபடியே எட்டிப் பார்த்தார். அடியில் சிமெண்ட் தரை தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்ளோதானா?" என்றார். "இவ்ளோதான் பெரியவரே, டீ குடிக்கற நேரம்" என்றார் வண்டிக்காரர். அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூடியைப் போட்டுப் பூசினோம். கல்லை மட்டும் அதன் மேல் மறுபடி வைக்க நான் விடவில்லை. இன்றைக்கும் அது சுவரில்தான் சாய்ந்து நிற்கிறது. என் வீட்டுக்காரர் தினமும் ஒருமுறை அதைத் துடைத்து வைப்பார், அது அவர் பாடு.

வண்டி போனதும் நான் கக்கூஸில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். கடகடவென்று இறங்கிப் போயிற்று. இன்னொரு வாளி ஊற்றினேன், அதுவும் போயிற்று. தனியாக நின்று சிரித்தேன். திரும்பினால் கதவோரம் அப்பா.

"அடுத்த தடவை ரொம்பினாலும் வண்டிதான் வருமா பாப்பா?"

"வண்டிதாம்ப்பா வரும்."

"யாரும் உள்ள இறங்க மாட்டாங்க?"

"எப்பவும் இறங்க மாட்டாங்க."

கக்கூஸுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "அப்ப நானும் இதுலயே போலாமா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டுக்கு அவர் எத்தனையோ தடவை வந்து தங்கியிருக்கிறார். என் பிரசவத்தின்போது மாதக்கணக்கில் இருந்திருக்கிறார். விடிவதற்கு முன்னால் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விடுவார். கிராமத்துப் பழக்கம், மாறாது என்று நான் விட்டுவிட்டேன்.

"ஏம்ப்பா இவ்ளோ நாளா போவல?"

"எவனோ ஒருத்தன் இறங்கி அள்ளணுமே. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமில்ல."

நான் வழியை விட்டு விலகினேன். அப்பா செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.