நெஞ்சை நிறுக்கும் நரி

பெண் பார்க்க வந்தவர்களையே கேள்வி கேட்டவள் தங்கம்மாள். "உங்க ஊருக்கு ஆத்துத் தண்ணி எந்த மாசம் வந்து சேரும்?" என்று அவள் கேட்டதும், மாப்பிள்ளையின் அண்ணன் மருதையன் விழுந்து விழுந்து சிரித்தான். "வாய்க்கால் கடைசியிலதான் எங்க ஊரு. மத்தவங்கல்லாம் குடிச்சு மிச்சம் வச்சா வரும் தாயி" என்றான். அந்தப் பதில் பிடித்துப்போய்த்தான் வீரையனைக் கட்டிக்கொண்டதாகப் பிற்பாடு அவள் சொல்வாள்.

கருவேலங்குடிக்கு வாழ வந்த பிறகும் அவள் வாய் ஓயவில்லை. வீரையனும் மருதையனும் மிராசுதார் பண்ணையில் பரம்பரை ஆட்கள். உதயசூரியன் கட்சி கோட்டைக்குப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. கூலிக்குச் சட்டம், நிலத்துக்கு உச்சவரம்பு என்று ரேடியோவில் தினமும் ஏதாவது ஒன்று சொன்னார்கள். சேரியின் பனைமரத்தில் செங்கொடி பறந்தது. ஆனால் களத்தில் மட்டும் மிராசுதார் வைத்ததுதான் சட்டம்.

நடவு முடிந்து களையும் எடுத்துவிட்டால் அறுப்பு வரைக்கும் வேலை கிடையாது. அந்த மாதங்களில் தங்கம்மாள் முத்துப்பேட்டைக்கு நடந்துபோய், ஜெக்கரியாவின் மளிகைக் கடையில் உளுந்தும் பயறும் புடைத்துக் கொடுப்பாள். கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில்தான் வேலை. ஜெக்கரியா கப்பலில் சமையல்காரராக இருந்தவர். சண்டை வந்து சூயஸ் கால்வாயை மூடியதும், போதும் கடல் என்று ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பிக் கடை வைத்தவர்.

ஒருநாள் அடைமழை. கூரை ஒழுகி மிளகாய் மூட்டை நனையாமல் இருக்க, ஜெக்கரியா அதன்மேல் ஒரு கனத்த துணியை இழுத்துப் போர்த்திவிட்டுப் போனார். தங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தத் துணியையே பார்த்தாள். பல நிறத் துணிகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்த படம். மனுஷ உடம்பும் நரித் தலையுமாக ஒருவன் முட்டி போட்டுத் தராசைப் பிடித்திருந்தான். பறவைத் தலையோடு ஒருவன் கையில் எழுதுகோலுடன் நின்றான். பச்சை முகத்தோடு ஒரு ராஜா உட்கார்ந்திருந்தார்.

"பாய், இது என்ன கூத்துத் துணியா?"

கணக்கு முடித்து வந்த ஜெக்கரியா சிரித்தார். "மிஸ்ரு தேசத்துத் துணி தங்கம்மா. எகிப்துன்னு சொல்லுவாங்களே, அது. கெய்ரோ பஜார்ல ஆசப்பட்டு வாங்குனேன். உருவம் போட்டதை ஊட்டுல மாட்டக் கூடாதுன்னுட்டா என் பொஞ்சாதி கமருன்னிஸா. அதான் மொளகாய்க்குக் காவல் காக்குது."

"நரிமூஞ்சிக்காரன் யாரு?"

"அந்தக் காலத்துல அவங்க கும்பிட்ட சாமி. பொணத்துக்குக் காவல்."

"நரியவா?"

"நீங்க ஆனைத்தலைச் சாமியக் கும்புடலியா?"

நரசிம்மருக்குச் சிங்கம், வராகிக்குப் பன்றி, அனுமாருக்குக் குரங்கு என்று தங்கம்மாளின் மனசுக்குள் ஒவ்வொன்றாக ஓடியது. கருடன்கூட அந்தத் துணியில் ஒரு ஓரமாக நின்றான். "இவன் கருடாழ்வாரு மாதிரியே இருக்கான் பாய்!"

"அது வல்லூறுத் தலை. பச்சை மூஞ்சி ராசாவோட மகன்."

"கையில எழுதுகோலு வச்சிருக்கானே, இவன் தலை அரிவாள்மூக்கன்தானே? ஏர் ஓட்டுறப்ப பின்னாடியே வந்து புழு பொறுக்குமே, அந்தக் கொக்கு. வளைஞ்ச மூக்கப் பாருங்க."

ஜெக்கரியா குனிந்து பார்த்தார். "நான் இத்தன நாளா நாரைன்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றார். பிறகு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, துணி விற்றவன் தனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னார். செத்தவனுடைய நெஞ்சைத் தராசின் ஒரு தட்டில் வைப்பார்களாம். மறு தட்டில் ஒரே ஒரு இறகு. நரித்தலையன் முள் நேராக நிற்கிறதா என்று பார்ப்பான். பறவைத்தலையன் எழுதுவான். நெஞ்சு இறகைவிடக் கனத்தால், கீழே குந்தியிருக்கும் மிருகம் அதை விழுங்கிவிடும். அந்த மிருகத்துக்கு முதலை வாய், சிங்க மார்பு, நீர்யானைப் பின்புறம்.

"தேருல செதுக்கியிருக்குற யாளி மாதிரி" என்றாள் தங்கம்மாள். "எங்கள்ல சித்திரகுத்தன் எழுதுவான், எமன் புடிச்சுக்கிட்டுப் போவான். தராசு கெடையாது."

"எங்கள்ல உண்டு. மறுமையில மீசான்னு ஒரு தராசு. ஆனா அதுல நெஞ்ச வைக்க மாட்டாங்க. நல்லது கெட்டதத்தான் நிறுப்பாங்க."

"அது சரி பாய், எந்தப் பறவையோட இறகு?"

"தீக்கோழியாம். அதோட இறகுல ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்குமாம். அதனால அது நியாயத்துக்கு அடையாளம்."

மழை விட்டதும் ஊருக்கு நடந்தாள். வழியெல்லாம் அந்த இறகுதான். மனுஷ நெஞ்சு இறகளவு லேசாக இருக்க முடியுமா? ராத்திரி கஞ்சி ஊற்றும்போது வீரையனிடம் கேட்டாள். "வயிறு லேசா இருக்கு, நெஞ்சைப் பத்தி நாளைக்குப் பேசலாம்" என்றான் அவன்.

மறுநாள் சைக்கிள் கடை பக்கிரியிடம் போனாள். கறுப்புச் சட்டைக்காரர், சாமி இல்லை என்று மைக் போட்டே பேசுகிறவர். "மனுசன்தான் தலைய மாத்தி மாட்டி சாமி செஞ்சான் தங்கம்மா. எந்த ஊருலயும் இதே கதைதான்" என்றார்.

"செஞ்சான், சரிங்கண்ணே. நரித்தலைய ஏன் மாட்டுனான்? மாட்டுத்தலைய மாட்டியிருக்கலாமே?"

பக்கிரி டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடினார். "அது நல்ல கேள்விதான். எனக்குத் தெரியல" என்று ஒப்புக்கொண்டார்.

மார்கழியில் தெருவில் ஒரு கைக்குழந்தை காய்ச்சல் கண்டு செத்தது. ஆற்றோரம் புதைத்துவிட்டு வந்த மருதையன் மறுபடியும் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று தங்கம்மாள் கேட்டாள். "முள்ளு வெட்டிப் போடணும். நரி தோண்டிரும்" என்றான் அவன்.

"மாமா, அந்த ஊர்க்காரனும் இப்படித்தான் பயந்திருப்பான். பிணத்தத் தோண்டுற நரிக்கிட்டயே காவலக் குடுத்துட்டான். கும்புட்டுட்டா தோண்டாதுல்ல?"

மருதையன் எந்த ஊர், எந்த நரி என்று கேட்டான். முள் வெட்டப் போகும் வழியில் முழுக்கதையும் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம ஊருல மிராசுதார் தலையோட ஒரு சாமி இருந்திருக்கணுமே" என்றான் அவன். துக்க நாள் என்பதையும் மறந்து இருவரும் சிரித்தார்கள்.

தை பிறந்தது. சம்பா சாய்ந்து நின்றது. செங்கொடிச் சங்கம் அரிவாளைத் தொடாதே என்றது. பிரச்சினை நெல் அளக்கும் மரக்காலில் இருந்தது. அறுத்து அடித்த மொத்த நெல்லான கண்டுமுதலை அளந்து உள்ளே போட ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கூலி மரக்காலுக்கு மட்டும் அடிக்கட்டை கனம்; உள்ளே நெல் குறைவாகத்தான் பிடிக்கும். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் களத்தில் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கதிர் உதிரத் தொடங்கியபோது தாசில்தார் ஜீப்பில் வந்தார். கூடவே போலீஸ். களத்தில் ஒரு பக்கம் மிராசுதார் நாற்காலியில். அவர் பக்கத்தில் பண்ணைக் கணக்கு எழுதும் காரியக்காரர் இராஜாங்கம். மறுபக்கம் சேரி முழுவதும் நின்றது. இராஜாங்கம் புது மரக்கால் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இதுல சர்க்கார் முத்திரை இருக்கு. இனிமே இதுலதான் அளப்பேன். மாரியம்மன் மேல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுறேன், போதுமா?"

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமி பெயரைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் எப்படிப் பேசுவது? தாசில்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது பெண்கள் கூட்டத்திலிருந்து தங்கம்மாளின் குரல் வந்தது. அவள் பேச நினைத்து வரவில்லை. கேள்வி தானாக விழுந்துவிட்டது.

"ஏங்க, அளக்குறதும் இவருதான், எழுதுறதும் இவருதான். பாக்குறது யாருங்க?"

"சாமி பாக்கும்" என்றார் இராஜாங்கம்.

"சாமிங்களே அப்படிச் செய்யிறதில்லைங்க. நிறுக்க ஒருத்தரு, எழுத ஒருத்தரு, பக்கத்துல நின்னு பாக்க ஒருத்தருன்னு வச்சிருக்காங்க. நெஞ்சுக்குச் சொந்தக்காரனும் அங்கயே நிக்கிறான்."

எந்தச் சாமி என்று மருதையனைத் தவிர ஒருவருக்கும் புரியவில்லை. மிராசுதார் மட்டும், "இது யாரு வீட்டுப் பொம்பள?" என்று கேட்டார். வீரையன் முன்னால் வந்து அவள் பக்கத்தில் நின்றான். கூட்டத்தில் ஒருவர் "சரியாத்தானே கேக்குது" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் குரல் கொடுத்தார்கள். தாசில்தாருக்கு விஷயம் முடிந்தால் போதும். "மரக்கால் பக்கத்துல உங்க ஆள் ஒருத்தர் நிக்கட்டும். அவரும் கூடவே எண்ணட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த அறுப்பு முழுக்க மருதையன்தான் மரக்காலுக்குப் பக்கத்தில் நின்றான். கூலி மரக்கால் தலை நிறையாமல் அளந்தால், "முழுசா நெறச்சு அளங்க" என்பான். கூலி நெல்லைச் சுமந்து போன பெண்கள் மூட்டை கனக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அறுப்பு முடிந்த மாசியில், வாய்க்கால் கரையில் மருதையனை நாலு பேர் மறித்து அடித்தார்கள். வெளியூர் ஆட்கள். கேஸ் எழுதினார்கள், சாட்சி இல்லை என்றார்கள். மருதையன் பங்குனி வரை படுக்கையில் கிடந்து இறந்து போனான்.

"என் வாய்தானே அவர அங்க கொண்டுபோயி நிறுத்துச்சு" என்று தங்கம்மாள் அழுதாள்.

வீரையன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு, "அண்ணன் சொன்னான். பொறந்ததுலேருந்து அவன் நிமிந்து நின்ன எடம் அந்த மரக்கால் பக்கந்தானாம்" என்றான்.

பால் தெளிக்கும் நாளில் புதைகுழியின்மேல் மண்ணை ஆள் உருவமாகக் கூட்டி, நவதானியம் விதைத்து, பாலும் தண்ணீரும் தெளித்தார்கள். எல்லோரும் செய்கிற வழக்கம்தான். தங்கம்மாள் அதற்குப் பிறகும் நாலைந்து தடவை தனியாகப் போய்த் தண்ணீர் ஊற்றினாள். பயறு முளைத்தது. எள் முளைத்தது. பச்சையாக ஓர் ஆள் மல்லாந்து படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

கிட்டங்கிக்குப் போனபோது அதை ஜெக்கரியாவிடம் சொன்னாள். அவர் கையிலிருந்த தராசைக் கீழே வைத்தார்.

"என்னம்மா சொல்றீங்க? ஆள் மாதிரி மண்ணு கூட்டி, அதுல வெதையா? கெய்ரோ மியூசியத்துல நான் பாத்திருக்கேனே! அந்தப் பச்சை மூஞ்சி ராசா இருக்காருல்ல, அவரோட உருவத்துல ஒரு மரத்தட்டு. அதுல ஆத்து மண்ணு போட்டுத் தானியம் வெதச்சு, சமாதிக்குள்ள வச்சிருக்காங்க."

"ராசாவுக்கு என்ன ஆச்சு?"

"ராச்சியத்துக்காகக் கூடப் பொறந்தவனே கொன்னு, கண்டதுண்டமா வெட்டிப் போட்டுட்டான். பொண்டாட்டி ஆத்தோரம் பூரா தேடிப் பொறுக்கி ஒண்ணு சேத்தா. வெள்ளம் வந்து பயிர் மொளைக்கிறப்ப அவரு திரும்ப வர்றாருன்னு நம்பிக்கை."

"அங்கயும் பங்காளிச் சண்டைதானா" என்றாள். பிறகு, "தட்டுல போட்டது மொளச்சுதா பாய்?" என்று கேட்டாள்.

"மொளச்சுத்தான் இருக்கு. காஞ்சு போயிக் கெடக்கு, மூவாயிரம் வருசமா."

தங்கம்மாள் துணியில் இருந்த அந்தப் பச்சை முகத்தைக் கையால் தடவினாள். அன்றைக்கு அவள் முறத்தைத் தொடவில்லை.

மிராசுதார் வீரையனையும் தங்கம்மாளையும் குடிசையைக் காலி பண்ணச் சொன்னார். மனைக்கட்டு பண்ணைக்குச் சொந்தம் என்றார். வீரையன் அசையவில்லை, சங்கமும் விடவில்லை. இழுபறியாக ஒரு வருஷம் போனது. அதற்குள் குடியிருக்கிறவனுக்கே குடியிருப்பு மனை என்று சட்டம் வந்தது. கருவேலங்குடியில் சேரி மொத்தத்துக்கும் பட்டா கொடுத்தார்கள். வேலியாக ஆடாதொடை நட்டபோது, வீரையன் அண்ணன் குடிசை இருந்த இடத்தையும் சேர்த்தே வளைத்து நட்டான். மருதையனைக் கொன்றவர்கள் யார் என்பது மட்டும் கடைசி வரை எழுத்தில் ஏறவில்லை.

ஆடியில் புதுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்த சந்தோஷத்தில், தங்கம்மாள் ஒரு கூடை பொன்னாங்கண்ணியோடு முத்துப்பேட்டைக்குப் போனாள். அன்றைக்குக் கிட்டங்கியிலிருந்து வீட்டுக்குப் போகும் உள்கதவைத் திறந்துகொண்டு கமருன்னிஸாவே வந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளும் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாக் கதையையும் கேட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அந்த ஊரு ஆத்தச் சாமின்னு கும்புட்டாங்களான்னு கேளு தங்கம்மா. நான் கேட்டா இவங்க சொல்ல மாட்டாங்க" என்றாள்.

"ஆமா. ஆம்பளைச் சாமி" என்றார் ஜெக்கரியா. "ஆனா தொப்பையும் இருக்கும், மாரும் இருக்கும். ஊருக்கே சோறு போடுறதால அப்படிச் செதுக்கியிருக்கான்."

"ஆத்துக்கு ஆம்பளையா!" தங்கம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க காவேரி பொம்பள. மசக்கையா இருக்கான்னு ஆடியில சித்திரான்னம் கட்டிக்கிட்டுப் போவோம். அப்ப அந்த ஆத்துக்குக் கருகமணி, காதோலையெல்லாம் விட மாட்டாங்களா பாய்?"

ஜெக்கரியா தலையைச் சொறிந்தார். "அத நான் கேக்கலியே."

"அவ்வளவு தூரம் கப்பலேறிப் போயி என்னத்தத்தான் பாத்துட்டு வந்தீங்க?" என்றாள் கமருன்னிஸா.