நாற்பது சதவீதக் கால்

என் மகளுக்குச் செருப்பு தைத்துக் கொடுத்தவர் கரையான்சாவடியில் இருந்தார். எங்கள் வீடு பாடியில். பாடியிலும் செருப்பு தைப்பவர்கள் உண்டு. ஆனால் இடது செருப்பின் அடியில் மட்டும் இரண்டு அடுக்கு ரப்பர் கூடுதலாக வைத்து, வெளியே தெரியாதபடி கறுப்பாகச் சுற்றித் தைக்க வேண்டும் என்பதை எங்கள் தெருப் பக்கம் நடமாடும் ஒருவரிடம் சொல்ல என் மனைவி சம்மதிக்கவில்லை. புதுச் செருப்பு வாங்கும்போதெல்லாம் அதைப் பையில் போட்டுக்கொண்டு நான் பஸ் ஏறுவேன்.

குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் காய்ச்சல் வந்து இடது இடுப்பு மூட்டில் சீழ் வைத்துவிட்டது. ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். மூட்டு அரித்துப்போனதால் அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகவே வளர்ந்தது. என் மனைவியின் சின்னம்மா ஒருவருக்கும் கால் சரியில்லை. அவருடைய பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட “நொண்டியம்மா ஊடு எது?” என்றுதான் விசாரிப்பார்கள். தன் பெண்ணுக்கு அந்தப் பெயர் வரக்கூடாது என்று என் மனைவி முடிவு செய்துவிட்டாள்.

நடை பழகும்போதே அது ஆரம்பித்தது. அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கச் சொல்வாள். தோள் சாயக்கூடாது. கை தொடையைப் பிடிக்கக்கூடாது. இடது காலை விரலில் ஊன்ற வேண்டும், ஊன்றுவது தெரியக்கூடாது. குழந்தை கற்றுக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியடுக்கு வீசிங் என்று சொல்லிவைத்தோம். பாவாடையும், வளர்ந்த பிறகு பாதம் வரை தொங்கும் பேண்டும் மீதியைப் பார்த்துக்கொண்டன. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சுவரோரம் உட்கார்ந்து இடுப்பை அழுத்திக்கொள்வாள். என் மனைவி எண்ணெய் சுடவைத்துத் தேய்த்துவிடுவாள். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். நானும் கேட்டதில்லை.

முகப்பேரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறேன். ஐந்தாவது வரை படித்தவன், கூச்ச சுபாவம். துணி கொடுக்க வருகிறவர்கள் வண்டியருகே நின்று பேசிக்கொள்வார்கள். நான் பெட்டியைத் தள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். விடுமுறை நாட்களில் எனக்குச் சாப்பாடு கொண்டுவரும் என் மகளை அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாட்களில் அங்கே வேறு பேச்சே இல்லை. மூன்றாம் மாடியில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர், தன் மகனுக்கு இடம் கிடைக்காது என்று கொதித்துக்கொண்டிருந்தார்.

“சாதிக்கு ஒண்ணு, கவர்மென்ட் ஸ்கூலுக்கு ஒண்ணு, விளையாட்டுக்கு ஒண்ணு. சும்மா படிச்சவனுக்கு மட்டும் ஒண்ணுமே இல்லீங்க.”

பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற கீழ்வீட்டுப் பெரியவர் சிரித்தார். “உங்க பையன் சும்மாவா படிச்சான்? ரெண்டு டியூஷன், தனி ரூம், ஏ.சி. அதுவும் ஒரு கோட்டாதான் சார்.”

“அதை விடுங்க சார். கை கால் இல்லாதவங்களுக்குக் குடுக்கறாங்களே, அது ஒண்ணுதான் நான் ஒத்துக்குற கோட்டா. கால் இல்லீன்னா இல்லதான். அதுல ஏமாத்த முடியாது.”

“அதுலதான் ஜாஸ்தி ஏமாத்தறான். சர்டிபிகேட் வாங்கி சீட்டைப் பிடிச்சுட்டு காலேஜ்ல ஃபுட்பால் ஆடறான்.”

இருவரும் சிரித்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் என் பக்கம் திரும்பினார். “ஏண்ணா, உங்க பொண்ணும் பிளஸ் டூ தானே? எந்தக் கோட்டாவுல போகுது?”

“பாக்கணும் சார்” என்றேன். சட்டைக் காலரை இரண்டாம் முறையும் தேய்த்தேன்.

கேட்டது அவர் தவறில்லை. அதே கேள்விதான் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கு சிவில் என்ஜினீயரிங் படிக்க ஆசை. எங்கள் சாதிக்கும் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதற்குள்ளும் அரசுக் கல்லூரிக்கு அவள் மார்க் கொஞ்சம் பற்றவில்லை. அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் கவர்மென்ட் ஸ்கூல் கோட்டாவும் இல்லை. தனியார் கல்லூரி எங்களால் ஆகாது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் ஏதாவது கடையில் வேலை. அந்த நிலையில்தான் அவளுடைய கணக்கு டீச்சர் அவளைத் தனியாக அழைத்துப் பேசியிருக்கிறார். அவர் மட்டும் எப்படியோ கவனித்திருந்தார். மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தால் இந்த மார்க்குக்கு நிச்சயம் இடம் உண்டு. ஆனால் ஊனம் நாற்பது சதவீதமாவது இருப்பதாக டாக்டர்கள் சான்று தர வேண்டும்.

என் மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எழுந்தாள். “இத்தினி வருசமா மூடிகினு வந்தத ஊர் பூரா தமுக்கடிக்கச் சொல்றியா?”

“தெரிஞ்சா இன்னாம்மா? நான் இன்னா திருடியா?”

“அந்தப் படிப்பு நாலு வருசம்டீ. அந்தப் பேரு சாவுற வரைக்கும்.”

“படிக்காம கடையில நின்னா மட்டும் காலு வளந்துடுமா? நாள் பூரா நிக்கணும்மா அங்க. நைனா, நீயாச்சும் சொல்லேன்.”

நான் மனைவியைப் பார்த்தேன். “பாக்கலாம்” என்றேன். என் வாயிலிருந்து வருவது எப்போதும் அதுதான். மூன்று நாள் போயிற்று. கடைசியில் என் மனைவியே இறங்கி வந்தாள். சான்று காலேஜுக்கு மட்டும்தான், தெருவில் மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நீளமான அறை. மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். எக்ஸ்ரேயைப் பார்த்தார்கள், டேப்பால் இரண்டு காலையும் அளந்தார்கள். பிறகு ஒரு டாக்டர் செருப்பில்லாமல் சுவர் வரை போய்விட்டு வரச் சொன்னார்.

அவள் நடந்தாள். தோள் சாயவில்லை. அந்நிய ஆண்கள் பார்க்கிறார்கள் என்றதும் உடம்பு தானாக நிமிர்ந்துகொண்டது போலிருந்தது. இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சம்மணம் போடச் சொன்னார். போட்டாள். குந்தச் சொன்னார். குந்தி, கையை ஊன்றாமல் எழுந்தாள். மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. அது எதனால் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சார், இது இவளுக்கு வலிக்கிறது, இதையெல்லாம் வலியோடுதான் செய்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மூடிக்கொண்டேன்.

“நல்லா நடக்குறியேம்மா” என்றார் அவர். நல்ல மனிதர்தான். சந்தோஷமான செய்தி சொல்வது போலத்தான் சொன்னார்.

முப்பத்தாறு சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “கொஞ்சம் சாஞ்சிதான் நடந்தா இன்னாடீ? அங்க போயி இன்னாத்துக்கு மிலிட்டரி மாரி நடந்த?”

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீதானம்மா சொல்லிக்குடுத்த” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. என் மனைவி அடுப்பருகே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேல்முறையீடு செய்யலாம் என்று டீச்சர் மனு எழுதிக் கொடுத்தார். கவுன்சலிங் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி பார்க்கக் கூப்பிட்டார்கள். இதிலும் போய்விட்டால் அடுத்து ஒன்றும் இல்லை. வராந்தாவில் காத்திருந்தபோது அவளிடம் சொன்னேன்.

“இன்னிக்கு மறைக்காம நடம்மா.”

“நடிக்கச் சொல்றியா நைனா?”

“இல்லம்மா. எப்டி வருதோ அப்டி.”

“எப்டி வரும்னு எனக்கே தெரியாதே” என்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். இந்த முறை ஒரு பெண் டாக்டர் நடக்கச் சொன்னார். மகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு ஓர் அடி எடுத்து வைத்தாள். இடது குதிகாலைத் தரையில் இறக்கினாள். இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது, தோள் கூடவே போனது, கை தானாகத் தொடையை அழுத்திக்கொண்டது. ஒவ்வோர் அடிக்கும் உடம்பு முழுவதும் விழுந்து எழுந்தது. அவள் நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பார்க்கக் கூசியது. தரையைப் பார்த்துக்கொண்டேன். குந்தி எழும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை என்றாள்.

வெளியே வந்து படி இறங்கும்போதும் அவள் அப்படியேதான் இறங்கினாள். அங்கே பார்ப்பதற்கு யாரும் இல்லை. “போதும்மா, முடிஞ்சிச்சு. வலிக்கப்போவுது” என்றேன்.

“இப்பத்தான் நைனா வலிக்கல” என்றாள்.

பதினேழு வருடமாக என் மகள் நடப்பதை நான் பார்த்ததே இல்லை.

நாற்பத்தேழு என்று வந்தது. கவுன்சலிங்கில் இடமும் கிடைத்தது, அவள் கேட்ட சிவில். டீச்சருக்கு மிட்டாய் கொண்டுபோய்க் கொடுத்தோம். மகள் அதற்குப் பிறகு பழைய நடைக்குத் திரும்பவில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தாள். “அப்டி நடந்தா வலிக்குதும்மா” என்ற ஒரே பதில்தான்.

தெருவில் முதலில் கேட்டது எதிர்வீட்டுக்காரி. குழாயடியில், நாலு பேர் முன்னால்.

“இன்னாக்கா, சீட்டு கெடச்சதும் உம் பொண்ணுக்குக் காலு போயிடுச்சா?”

“சின்னதுலேந்தே அப்டித்தான்” என்றாள் என் மனைவி.

“போக்கா! நாங்க இன்னா குருடா? துள்ளிகினு ஸ்கூலுக்குப் போனத நாங்க பாக்கல? எவ்ளோ குடுத்து சர்டிபிகேட் வாங்கனீங்க, சொல்லு. எம் பையனுக்கும் ஒரு கைய எடுத்துடறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். அவள் பயந்த பெயர் வரவில்லை. ‘ஆக்டிங் பார்ட்டி’ என்று வந்தது. ஆபரேஷன் தழும்பைக் காட்டினால் நம்புவார்களா என்று என்னைக் கேட்டாள். இடுப்பில் இருக்கும் தழும்பைத் தெருவில் யாரிடம் காட்டுவது?

முகப்பேரிலும் தெரிந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரருடைய மகனுக்கு அவர் நினைத்த இடம் கிடைக்கவில்லை. துணியை வண்டியில் வைத்துவிட்டு அவர் நிதானமாகத்தான் பேசினார்.

“அண்ணா, உங்க மேல எனக்குக் கோபமில்லீங்க. ஆனா அந்தப் பொண்ணு உங்களுக்குச் சோறு கொண்டுட்டு வர்றதை இந்தக் கண்ணால எத்தனை தடவை பார்த்திருக்கேன். நிஜமா கால் இல்லாத ஒருத்தரோட சீட்டுங்க அது. இனி ஒரு நாள் அது நேரா நடக்கறதைப் பார்த்தேன்னா, போன்ல வீடியோ எடுத்து பெட்டிஷன் போட்டுருவேன். சொல்லலைன்னு சொல்லாதீங்க.”

சீழ், மூட்டு, ஒரு வயது எல்லாம் தொண்டை வரை வந்தன. “சரிங்க சார்” என்றேன். அவர் போன பிறகு அவர் சட்டையை மடித்து வைத்தேன். ராத்திரி வீட்டில் அவர் சொன்னதைச் சொன்னபோது மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமும் அவர் துணி என்னிடம்தான் வந்தது.

வகுப்பு தொடங்கிய நாளில் மகளும் என்னோடு முகப்பேர் வரை வந்தாள். அவள் கல்லூரிப் பக்கம் போகும் பஸ் அங்கிருந்துதான். நிறுத்தத்தில் கோயம்புத்தூர்க்காரரும் கம்பெனி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் கையிலிருந்த போனிலிருந்து தலையை எடுத்தார்.

பஸ் வந்தது. கூட்டம் அதிகம், நிறுத்தத்தில் நிற்காமல் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றது. மற்றவர்கள் ஓடினார்கள். அவளால் ஓட முடியும். வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி ஏறிவிடுவாள், ஸ்கூலுக்குப் போகிற பஸ்ஸுக்கு எத்தனையோ நாள் அப்படி ஓடியிருக்கிறாள். ஓர் அடி வேகமாக எடுத்தும் வைத்துவிட்டாள். பிறகு அவர் நின்ற பக்கம் பார்த்தாள்.

“போம்மா, ஏறிடு” என்றேன்.

“ஓடனா பாத்துடுவாரு நைனா.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பிப் போயிற்று. அடுத்ததில் போனால் முதல் வகுப்பு முடிந்திருக்கும். அவள் புதுப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் இன்னும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இஸ்திரி வண்டியைத் திறக்கப் போகாமல் அவள் பக்கத்திலேயே நின்றேன்.