சோடினை அல்ல, முண்டு

கலியாணக் கேக்கை நானே செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்தது நான்தான். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. தங்கையின் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வேதக்காரப் பொடியன். காலையில் மெல்பேர்ன் நகரத்துப் பெரிய தேவாலயத்தில் பூசை, இரவு விருந்து எங்கள் நோபல் பார்க் பக்கத்து மண்டபத்தில்.

"பெரியம்மா, அந்தச் சேர்ச் மாதிரியே கேக் செய்வீங்களா? உள்ளுக்கு லைட் போட்டா கலர் ஜன்னல் எல்லாம் க்ளோ பண்ணோணும்" என்று பிள்ளை கேட்டாள். அவள் கேட்டு நான் எதற்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன்? "அதுக்கென்ன, செய்வம்" என்றேன்.

தங்கைக்கு நம்பிக்கை வரவில்லை. கிளென் வேவர்லியில் இருந்துகொண்டு நாளுக்கு இரண்டு தரம் போன் எடுத்தாள்.

"அக்கா, உனக்கேன் இந்த வில்லங்கம்? கடையில ஓடர் குடுப்பம். இல்லாட்டி ஊரில செய்யிற மாதிரி உள்ளுக்கு றெஜிபோம் வைச்சு மேல ஐசிங்கைப் பூசு."

றெஜிபோம் என்றால் டிவிப் பெட்டிக்குள் வருகிற வெள்ளைத் தக்கை. எங்கள் ஆட்களின் கலியாணக் கேக்கில் முக்கால்வாசி அதுதான். மாப்பிள்ளையும் பொம்பிளையும் கத்தி வைக்கிற இடத்தில் மட்டும் ஒரு துண்டு உண்மையான கேக் இருக்கும். என் கலியாணத்தில் நான் கத்தியை ஒரு அங்குலம் தள்ளி வைத்து, தக்கை கிறீச்சிட்டதை வீடியோவில் இன்றைக்கும் கேட்கலாம். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "கூரையில இருந்து அத்திவாரம் வரைக்கும் தின்னக்கூடியதாத்தான் செய்வன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். கேக் விழுந்தால் அடுத்த பத்து வருடத்துக்குத் தங்கை அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். நானும் அப்படித்தான் என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

பிள்ளை எடுத்த தேவாலயப் படங்களைக் குசினியில் பிரிட்ஜின் கதவில் ஒட்டினேன். கீழே ரவையும் முந்திரியும் போட்ட ரிச் கேக். அதன்மேல் இஞ்சி பிஸ்கட்டில் இரண்டு நெட்டைச் சுவர்கள், உருக்கிய கலர் இனிப்பில் ஜன்னல்கள், செங்குத்தான கூரை. படத்தில் சுவருக்கு வெளியே வரிசையாகக் கல்தூண்கள் நின்றன. ஒவ்வொரு தூணிலிருந்தும் ஒரு அரை வளைவு அந்தரத்தில் பாய்ந்து சுவரின் மேற்பக்கத்தைத் தொட்டது. புதன்கிழமை மேற்பார்வைக்கு வந்த தங்கை அதைப் பார்த்து, "இந்தச் சோடினை எல்லாம் ஏன்? விடு" என்றாள். எனக்கும் அது வெறும் அலங்காரம் என்றுதான் பட்டது. வருடக்கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான், அதுவும் பிழையாகிப் போனது.

வெள்ளிக்கிழமை காலை கூரையை வைத்தேன். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் நின்றது. பிறகு இரண்டு சுவர்களும் மேலே மெல்ல மெல்ல விரிந்தன. ஒரு ஜன்னல் 'டிக்' என்று வெடித்தது. பாய்ந்து கூரையைத் தூக்கிவிட்டேன். சரியாக அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"எப்பிடிப் போகுது அக்கா?"

"சோக்காப் போகுது" என்று சொல்லி வைத்துவிட்டு அழுதேன்.

என் மனுசன் கொங்கிறீற் வேலை செய்கிறவர். அன்று லீவு. கேக்கைப் பார்க்காமல் பிரிட்ஜில் ஒட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த அரை வளைவில் விரலை வைத்தார்.

"இதை ஏன் விட்டனீர்?"

"அது சோடினை."

"ஆர் சொன்னது? இது முண்டெல்லோ!"

சாய்கிற மரம் விழாமல் வெளியிலிருந்து ஊன்றுகிற தடியைத்தான் நாங்கள் முண்டு என்போம். எங்கள் வளவில் ஆறு வருடமாகக் குலை போடாத வாழை ஒன்றுக்கே இவர் முண்டு கொடுத்து வைத்திருக்கிறார். கூரை கீழே அமத்துவது மட்டுமில்லை, சுவரை வெளியாலும் தள்ளும் என்று விளங்கப்படுத்தினார். சுவரைத் தடிப்பாகக் கட்டினால் தாங்கும், ஆனால் பெரிய ஜன்னல் வைக்க முடியாது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். அந்தக் காலத்து மேசன்மாருக்கோ சுவரில் பாதி கண்ணாடியாக இருக்கவேண்டும், வெளிச்சம் வேண்டும். அதனால் சுவரின் பலத்தை வெளியே தள்ளி நிறுத்தி, அங்கிருந்து கை நீட்டிப் பிடிக்க வைத்துவிட்டார்கள்.

நான் லேசில் நம்புகிறவள் இல்லை. சுவர்களின் மேல்விளிம்பில் வெளிப்பக்கமாக இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்தேன். அவர் கூரையை வைத்தார். அசையவில்லை. இரண்டே இரண்டு விரல்! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பன்னிரண்டு வளைவுகள் சுட்டேன், பன்னிரண்டு தூண்கள் அடுக்கினேன். முதல் வளைவைப் பொருத்தியதும் சுவர் நின்றது, தூண் வழுக்கிக்கொண்டு போனது. திரும்பவும் படத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு தூணின் தலையிலும் கூரான ஒரு கல் கிரீடம்.

"இதுவும் சோடினையா இராது" என்று அவர் வாய் திறக்க முதல் நானே சொன்னேன். சீனிப் பசையில் கனமான கிரீடங்கள் பிடித்து வைத்தேன். பாரம் ஏறியதும் தூண்கள் இருந்த இடத்தில் இருந்தன. மாவுக் கையோடு நான் ஆடிய ஆட்டத்தை மனுசன் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார்.

சனிக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒட்டிய ஐசிங் இன்னும் முழுதாக இறுகவில்லை. பின்னேரம் தங்கை காஞ்சிபுரச் சேலையும் கொண்டைப் பூவுமாக வந்து இறங்கினாள்.

"இதை விடச் சொன்னனெல்லோ?"

"இது இல்லாட்டிச் சேர்ச் விழும். கதைக்காமல் ஏறிப் பிடி."

பொம்பிளையின் தாய் மனுசனின் வேலை வானுக்குள், பின்பக்கத் தரையில் சப்பாணி கட்டி இருந்தாள். ஒரு பக்கத் தூண்களை அவள் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள், மறுபக்கம் நான். மனுசன் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். ரோட்டில் வண்டியைத் தூக்கிப்போடுகிற ஒவ்வொரு திட்டிக்கும் தங்கை "முருகா, முருகா" என்று தேவாலயத்துக்காக முருகனைக் கூப்பிட்டாள். சேலை கசங்கியதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

மண்டபத்தில் விளக்கை அணைத்து, கேக்குக்குள் லைட்டைப் போட்டோம். சிவப்பும் நீலமுமாக ஜன்னல்கள் எரிந்தன. பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த முகத்துக்காக இன்னும் பத்துக் கேக் கட்டலாம் போலிருந்தது.

வெட்டுகிற நேரம் வந்தது. மாப்பிள்ளை அவள் கையைப் பிடிக்க, கத்தி ஒரு வளைவுக்கு நேரே இறங்கியது. தங்கை அறிவிப்பாளரின் கையிலிருந்த மைக்கைப் பறித்தாள்.

"பிள்ளை, முண்டில வெட்டாதை! சேர்ச் விழுந்திடும்!"

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. கத்தி விலகிப்போய் அடியிலிருந்த ரிச் கேக்கில் இறங்கியது. பன்னிரண்டு முண்டும் அசையாமல் நின்றன.

சாப்பாட்டுக்கு முதல் மாப்பிள்ளை பக்கத்து அன்ரி ஒருவர் வந்து, இந்தக் கேக்கை யார் செய்தது என்று தங்கையைக் கேட்டார்.

"செய்தது எண்டு சொல்லாதேங்கோ அன்ரி" என்றாள் அவள். "கட்டினது. என்ர அக்கா கட்டினவ."

கையிலிருந்த கேக் துண்டை அவள் வாயில் திணித்தேன்.