மூன்றாவது தோட்டா

ஐப்பசி பிறந்ததும் எங்கள் தெருவில் பொம்மைத் துப்பாக்கிகளில் ரோல் கேப் வெடிக்கத் தொடங்கிவிடும். கந்தகம் பாதி, கருகிய காகிதம் பாதி. அந்த வாசனை மூக்கில் ஏறிய மறுநொடி நான் விருத்தாசலத்துக்கு வெளியே, துப்பாக்கி கிளப்பின் மண்மேட்டுக்கு முன்னால் நிற்கிறேன். பக்கத்தில் அக்கா. அவள் கையில் பாயிண்ட் டூ டூ பிஸ்டல். அது சிக்கியிருக்கிறது.

செல்போன்களுக்குப் பொத்தான் இருந்த காலம் அது. அக்கா ஸ்கூலில் விளையாட்டு டீச்சர். நான் பீங்கான் கம்பெனியில் அச்சுப் பிரிவு. ஞாயிறுதோறும் அவள் சுடுவாள், நான் மேகசினில், ஸ்பிரிங் வைத்த அந்தத் தகர உறையில், தோட்டா போட்டுக் கொடுப்பேன். கேட்டு வாங்கிய வேலை. ஐந்தைந்தாகச் சுட வேண்டும். முதல் இரண்டும் வெண்ணெயாகப் போகும். மூன்றாவது தோட்டா பாதிவழியில் ஈய மூக்கை இடித்துக்கொண்டு நிற்கும். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு முழுக்க மூடாமல், சொல்ல வந்ததை மறந்தவன் வாய்போலத் திறந்தே இருக்கும்.

கிளப்புக்கு அந்த ஒரு பிஸ்டல்தான். மாவட்டத் தேர்வோ நெருங்கிவிட்டது. கிளப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ரிடையர்ட் மிலிட்டரிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: "தேர்வுக்கு மொத நாளு முப்பது ரவுண்டு தடையில்லாம போவணும். போனா நானே ஜீப்புல துப்பாக்கிய கடலூருக்குக் கொண்டாரேன். இல்லன்னா துப்பாக்கி ரிப்பேருக்கு, நீ வூட்டுக்கு. பொம்பள மணிக்கட்டு தளருது, அதான் சிக்குதுன்னு நெனக்கிறேன்."

அக்கா அன்றிலிருந்து வீட்டில் செங்கல்லைப் பிடித்துக் கை நீட்டி நிற்க ஆரம்பித்தாள்.

எனக்கோ எல்லாம் தெரியும். இந்தச் சின்னத் தோட்டாவுக்கு அடியில் பித்தளை விளிம்பு உண்டு. மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும், பின்னால் போனால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பார்த்துப் போட்டேன். சிக்கியது. வேறு பெட்டித் தோட்டா, சிக்கியது. மிலிட்டரிக்காரர் இன்னொரு மேகசின் கொடுத்தார், அதிலும் சிக்கியது. குழாயின் வாயை பிரஷ் விட்டுத் தேய்த்தார். ம்ஹூம். மேகசின் இரண்டும் நிரபராதி, குற்றவாளி துப்பாக்கியே என்று நான் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு திட்டக்குடியில் ஒரு கல்யாணம். நான் மட்டும் போனேன். சாயங்காலம் திரும்பியபோது அக்கா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு மேகசின ஒரு தொட தொடச்சு நானே தோட்டா போட்டேன்டா, அறுவது ரவுண்டு. ஒண்ணு கூட சிக்கல."

"அப்ப துப்பாக்கி சரியாயிட்டுதா?"

"நீ வரல. அதான் சரியாயிட்டுது."

"இன்னாக்கா, நக்கலா?"

"நக்கல் இல்லடா. தோட்டா எப்படிப் போடுவ, செஞ்சு காட்டு."

தீப்பெட்டியை மேகசினாக நினைத்து இடது கையில் பிடித்தேன். வலது கை தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குள் போனது, ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தது, தீப்பெட்டியின் வாயில் லேசாக இரண்டு தட்டுத் தட்டியது. வெள்ளைப் புகை எழுந்தது. அக்கா தோசையை விட்டுவிட்டாள்.

"அது இன்னாடா?"

மாக்கல் பொடி, எந்தச் சட்டை போட்டாலும் பைக்குள் ஏறிவிடும் பொட்டலம். எங்கள் பிரிவில் அச்சை மூடும் முன் தட்டுவோம். மண் அச்சில் ஒட்டாமல் கழன்று வரும். நாளைக்கு நானூறு தட்டு தட்டிய கைக்கு ஞாயிறு ஏது? வாய் திறந்த எதைக் கண்டாலும் தட்டியிருக்கிறது.

"அட பாவி! தோட்டாவுக்கு ஏற்கெனவே மெழுகு பூசியிருக்குதுடா. அதுல போயி பொடியக் கொட்டினா கொழஞ்சு பசையாவாதா? ஸ்பிரிங்கு எப்படி மேல தள்ளும்? மூணாவது தோட்டா ஏறி வர்றதுக்குள்ள ஸ்லைடு வந்துடுது." சொல்லிவிட்டு மணிக்கட்டைப் பார்த்தாள். செங்கல் தூக்கித் தூக்கி வீங்கியிருந்தது. "நான் இத போட்டு வாட்டிக்கினு இருந்தேன்."

தேர்வுக்கு முதல் நாள், சனிக்கிழமை, நானே போய் மிலிட்டரிக்காரரிடம் ஒப்புக்கொண்டேன். இரண்டு மேகசினையும் பிரித்து, மண்ணெண்ணெயில் அலசித் துடைத்தேன். மூலைகளில் மிச்சமிருந்த சாம்பல் நிறக் களிம்பு துணியில் வழிந்தது. அவர் முகர்ந்து பார்த்தார்.

"நீ மட்டும் மிலிட்டரில என் கீழ இருந்திருந்தா, துப்பாக்கிய தலைக்கு மேல தூக்கிக்கினு கிரவுண்ட சுத்த வுட்டிருப்பேன்." பிறகு அக்காவிடம் திரும்பினார். "மணிக்கட்டுன்னு சொன்னது தப்பும்மா. சுடு."

தோட்டாக்களை அவளே போட்டுக்கொண்டாள். இருபதடி பின்னால், கைகளை முதுகுக்குப் பின் கோத்துக்கொண்டு நான். ஒன்று, இரண்டு. மூன்றாவதும் போனது. ஆறு முறை ஐந்து. பித்தளைக் கூடுகள் சிமெண்டில் துள்ளித் துள்ளி விழுந்த சத்தத்தில் இடைவெளியே இல்லை. மிலிட்டரிக்காரர் அங்கேயே ஜீப் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் பஸ் ஸ்டாண்டு. துப்பாக்கி அவர் ஜீப்பில் முன்னமே கிளம்பிவிட்டது. கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அக்கா. கூடவே ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"நானும் வரேங்க்கா. கை தட்டறதுக்காவது ஒரு ஆளு வேணும்ல?"

அவள் சிரித்தாள். அவள் முகத்தில் துளி பயமில்லை, எனக்குத்தான் இருந்தது.

"ஒன்னப் பாத்தா எனக்கு சிரிப்பு வரும், குறி தப்பிடும். எறங்குடா, பஸ்ஸ எடுக்குறாங்க. ஜெயிச்சுட்டு வரேன்."